தாயக்கட்டை உருட்டிய ஒன்றாம் வகுப்பு

ஆம்பூர் பஜாரில் சர்தார் பாஷா பிரௌசிங் சென்டர் திறந்த புதிதில் பெண்கள் யாரும் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. பலகைத் தடுப்பும் பச்சைத் திரையும் போட்ட அந்தச் சின்னச் சின்ன அறைகளைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. அந்த இடத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயிலுக்குப் பிடித்துவந்த குடையை மடக்கிக்கொண்டு ஃபீபி டீச்சர் போய் நின்றார். திரைக்குப் பின்னால் இருந்த வாலிபர்களில் இரண்டு பேர் அவரிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள். தலையைக் குனிந்துகொண்டே வெளியேறினார்கள்.

சர்தார் பாஷாவுக்கு ஒரு கணக்கு உண்டு. வயதான தாய் தகப்பன் உள்ளே வந்தால் பிள்ளை வளைகுடாவில் இருக்கிறான் என்று அர்த்தம்.

"பையன் துபாயா, சவுதியா டீச்சரம்மா? கேமரா வெச்ச சிஸ்டம் ஒண்ணுதான் கீது. செத்த இருங்க, காலி பண்ணித் தர்றேன்."

"எனக்குப் பையனே இல்ல பாய். சின்னப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்குற வெளையாட்டு இதுல இருக்காமே. அது வேணும். காசு கேக்காததா வேணும்."

அந்தக் கடைக்கு வந்து யார் எதைத் தேடினாலும் ஆச்சரியப்படாத மனுஷன் சர்தார் பாஷா. அன்றைக்கு ஆச்சரியப்பட்டார்.

இது 2004-இல். ஃபீபி டீச்சருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிறந்தது பேரணாம்பட்டு. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதியவர்; ஆனால் மகளுக்குக் கணக்கு என்றால் விரல் முட்டியில் விழும் அடி ஸ்கேல்தான் ஞாபகம் வரும். அடி வாங்காமல் ஒரு கூட்டலையும் அவர் கற்றதில்லை. ஆசிரியர் பயிற்சியை முடித்து, வேலூரில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த சுந்தர்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு, ஆம்பூரில் ஒரு சின்ன மிஷன் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாம் வகுப்புதான். மற்ற டீச்சர்கள் ஒன்றாம் வகுப்பைத் தண்டனை மாதிரி பார்ப்பார்கள். மூக்கு ஒழுகும், ஒண்ணுக்குப் போய்விடும், அம்மாவைக் கேட்டு அழும். ஃபீபி டீச்சர் மட்டும் ஒவ்வொரு ஜூனிலும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வருஷங்களாக ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே மூச்சில் சொல்வார்கள். ராகம் போட்டுச் சொல்வார்கள். வருகிறவர்கள் கேட்டுப் பூரித்துப் போவார்கள். ஆனால் ஏழு புளியங்கொட்டையை முன்னால் வைத்து எத்தனை என்றால், பாட்டு ஆரம்பமாகும். கொட்டை தீர்ந்து கை நின்ற பிறகும் வாய் நிற்காமல் பன்னிரண்டு பதிமூன்று என்று போய்க்கொண்டிருக்கும். நூறு வரை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தது தானேதான் என்பது ஃபீபி டீச்சருக்கு உறைத்தது. உறைத்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் சர்தார் பாஷா கடைக்குப் போனார். போன் லைனில் கிர்ரென்று சத்தம் கேட்டு இணைப்பு வரும்; படம் மேலிருந்து கீழாகத் திரைச்சீலை இறக்குகிற மாதிரி வரும்; பாதியில் அறுந்துபோகும். இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே போய் இரண்டு கதவு தாண்டினால் கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். "ஓசின்னு வாசல்ல எழுதிட்டு உள்ள வெச்சி டிக்கெட் கிழிக்கிறான் பாரு பாய்" என்று டீச்சர் திட்டுவார். சில விளையாட்டுகள் ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டால்தான் ஓடும் என்று சொல்லும். இறக்கினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். சர்தார் பாஷா வந்து மண்டையில் தட்டி எழுப்புவார்.

கிடைத்தவற்றிலும் பாதி உதவாது. பனிமனிதனை எண்ணு என்றிருக்கும். பூசணிக்காய்க்குக் கண் மூக்கு வெட்டி வைத்திருக்கும். எந்த ஊர்க் காசோ, தலை போட்ட நாணயங்களைக் கூட்டச் சொல்லும். எங்கேயோ ஒரு தேசத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் மட்டும், தான் வரைந்ததையெல்லாம் போட்டு, வகுப்பறைக்கு வேண்டியவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். எறும்பு, பொத்தான், பறவைக்கூடு, மடித்து ஒட்டினால் தாயக்கட்டையாகும் சதுரங்கள், பலகையில் ஏறி இறங்கும் ஆட்டங்கள். ஃபீபி டீச்சர் அந்த அம்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமை ஜெபித்தார் என்று சுந்தர்ராஜ் பிற்பாடு கேலி செய்வார்.

அச்செடுத்த தாள் ஒன்றாம் வகுப்பின் கையில் ஒரு மணி நேரம் தாங்காது. ஆனால் ஆம்பூரில் ஷூ கம்பெனிக் கழிவுக்கா பஞ்சம்? ஷூவுக்குள் பதிக்கும் இன்சோல் வெட்டியது போக மிஞ்சும் கெட்டி அட்டைத் துண்டுகளை மூட்டையாக வாங்கி, கம்பெனியில் சோல் ஒட்டும் அதே சொல்யூஷனை வைத்து ஒட்டினார். வீடு முழுக்கக் கம்பெனி வாசனை அடித்தது. தாயக்கட்டையைச் சின்னதாகச் செய்யாமல் தேங்காய் அளவுக்குச் செய்தார். உருட்டினால் தரையில் தொம் தொம்மென்று விழும். ஆறு புள்ளி விழுந்தால் ஆறு கட்டம் குதிக்க வேண்டும். ஏழாவது கட்டத்தில் கால் வைத்தால் மொத்த வகுப்பும் கத்தும். பாட்டுப் பாடிப் பழகிய வாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணத் தொடங்கின.

பள்ளிக்கூடம் ஒரே நீள ஹால். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஒரு வகுப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சுவர் கிடையாது. காலுள்ள கரும்பலகைதான் சுவர். ஒன்றாம் வகுப்பின் பலகைக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அதைத் தலைமையாசிரியை டோரதியே எடுத்தார். தொம் தொம் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் என்றால் தாளாளர் கிளாட்ஸ்டனுக்கும்.

கிளாட்ஸ்டன் கெட்டவர் அல்ல. பக்கத்துத் தெருக்களில் இங்கிலீஷ் மீடியம் நர்சரிகள் முளைத்து, வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். பள்ளியை மூடும்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் இருந்தார். பயந்த மனிதர்கள் சத்தத்தைத்தான் முதலில் அடக்கப் பார்ப்பார்கள். அறைக்குக் கூப்பிட்டு விட்டார்.

"பள்ளிக்கூடத்துல தாயக்கட்டை உருட்டுறீங்களாமே. சபையில கேக்குறாங்க. சிலுவைக்குக் கீழ இயேசுவோட துணிக்குச் சீட்டுப் போட்டுப் போர்ச்சேவகன் செஞ்ச வேலைம்மா அது."

"யூதாஸ் எடத்துக்கு மத்தியாவ அப்போஸ்தலருங்க எப்படி எடுத்தாங்க ஐயா? சீட்டுப் போட்டுத்தான?"

தாளாளர் பைபிளில் வல்லவர். அந்த வசனம் அவருக்கு மனப்பாடம். அது அவருடைய கோபத்தை இன்னும் கிளப்பியது. வேறு வழியாக வந்தார். மார்ச்சுக்குள் ஆய்வுக்கு அதிகாரி வருவார், ஒன்றாம் வகுப்பில்தான் முதலில் நுழைவார், பிள்ளைகள் வழக்கம்போல் ஒன்று முதல் நூறு வரை கணீரென்று சொல்லியாக வேண்டும். பிசகினால் அந்த வகுப்பு உங்களிடம் இருக்காது, ஐந்தாம் வகுப்புக்கு மாற்றிவிடுவேன் என்றார். சொன்னதைச் செய்கிறவர்தான்.

டோரதி டீச்சர் சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவைத் திறந்தபடி புத்தி சொன்னார். "ஒரு நாள் ஃபீபி. ஒரே நாள் அந்தத் தாயக்கட்டைப் பொட்டிய பீரோவுல வெச்சிடு. புள்ளைங்க பாடட்டும். அவரு டீ குடிச்சிட்டுப் போய்டுவாரு. மறுநாள் நீ உருட்டு, யாரு வேணாங்கறா?"

பேச்சில் நியாயம் இருந்தது. ஒன்றாம் வகுப்பு போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ஃபீபி டீச்சரும் யோசித்துப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளைகள் ஏற்கெனவே கணக்கைக் கண்டு முகம் சுருங்கியிருப்பார்கள். சுருங்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்பதுதானே அத்தனை பாடும். இருந்தாலும், தெரியாததைத் தெரிந்த மாதிரி பாட வைத்து ஆளை அனுப்புகிற காரியத்தை இருபது வருஷம் செய்தாகிவிட்டது.

"பீரோவுல வெக்கமாட்டேன் டீச்சர்" என்றார். "வர்றவரு வந்து பாக்கட்டும்."

அத்தோடு நிற்கவில்லை. ஆய்வுக்கென்றே புதிதாக ஒரு படம் தேடினார். பனிமனிதன் வேண்டாம், பூசணி வேண்டாம், இந்த ஊர்ப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லும் பொருளாக இருக்கட்டும் என்று, அந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மாவின் இணையப் பக்கத்தில் ஷூ போட்ட தாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடா கட்டிய ஒன்பது ஷூ, மூன்று வரிசை. ஆம்பூர்ப் பிள்ளைக்கு ஷூவைத் தெரியாதா? சர்தார் பாஷா கலரிலேயே அச்செடுத்துக் கொடுத்தார். அதிகாரி வரும் அன்று காலையில்தான் டீச்சர் அதை அட்டையில் ஒட்டிக் கரும்பலகை ஓரம் மாட்டினார். பிள்ளைகளிடம் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அதிகாரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். களைத்த முகம், கையில் கர்சீப். கிளாட்ஸ்டன் கூடவே வந்தார். சுற்றிப் பார்த்த அதிகாரியின் கண் நேராக அந்தக் கலர்ப் படத்தில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த ரோஷினியை எழுப்பினார். ரோஷினி மாதனூர்ப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்குக் குடிவந்த சாவித்திரியின் மகள். தாயக்கட்டையில் எந்தப் பக்கம் விழுந்தாலும் எண்ணாமலே சொல்லிவிடும் சுட்டி.

"இதுல எத்தன ஷூ இருக்கு, சொல்லு பாப்பா."

ரோஷினி பார்த்தாள். "நாலு சார்."

அதிகாரி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். மறுபடியும் நாலு. பக்கத்துப் பையனைக் கேட்டார். நாலு. பின்வரிசையைக் கேட்டார். மூன்று நான்கு குரல்கள் சேர்ந்தே நாலு என்றன. கிளாட்ஸ்டன் ஃபீபி டீச்சரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

ஒன்பது எறும்பைச் சரியாக எண்ணிய பிள்ளைகள். ஒன்பது பொத்தானை எண்ணியவர்கள். ஃபீபி டீச்சர் ரோஷினியின் முன்னால் குனிந்து, "நாலு எப்படிம்மா வந்துச்சி?" என்று கேட்டார்.

"நாலு ஜோடி டீச்சர்." ரோஷினி விரலால் காற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் காட்டினாள். கடைசி ஷூவில் விரல் நின்றது. "இது ரிஜெக்ட்."

சாவித்திரி வீட்டிலேயே அப்பர் தைப்பவர். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கம்பெனிக்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். கூலி ஜோடிக்குத்தான். சாயங்காலம் எண்ணிக் கட்டுகிற வேலை வீட்டுப் பிள்ளைகளுக்கு. துணையில்லாத ஒற்றை அப்பர் எண்ணிக்கையில் சேராது. அது தனியே கிடக்கும், திருப்பி அனுப்பப்படும். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இதுதான் வழக்கம். அவர்கள் யாரும் பிறந்ததிலிருந்து ஒற்றை ஷூவை எண்ணியதில்லை.

ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டுமென்று தேடித் தேடி எடுத்த படமே காலை வாரிவிட்டது. ஃபீபி டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. அதிகாரி முகம் சுளித்தார்.

"நான் ஜோடி கேக்கலையேம்மா. ஷூ எத்தனன்னு கேட்டேன். ஒன்பது இருக்கு, நாலுங்குது. எண்ணத் தெரியலன்னுதான் நான் எழுத முடியும்."

"எண்ணத் தெரியலன்னு எழுதாதீங்க சார். ரெண்டு ரெண்டா எண்ணி, மீதி ஒண்ணும் சொல்லுது. அது நான் சொல்லிக் கொடுக்காத கணக்கு. ஒத்த ஷூவ உங்க வீட்ல எண்ணுவாங்களா?"

எறும்புப் படத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று டீச்சர் பெட்டியைத் திறந்தார். அதிகாரிக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பில் எண்ணறிவு போதாது என்று எழுதிவிட்டுப் போனார். கிளாட்ஸ்டன் பேச்சை வளர்க்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஃபீபி ஐந்தாம் வகுப்பு, டோரதி ஒன்றாம் வகுப்பு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டைத் தேடிச் சாவித்திரி வந்தார். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டே பேசினார். தன்னால்தான் டீச்சருக்கு வகுப்பு போனது என்று ரோஷினி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். சுந்தர்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாவித்திரி உட்காரவில்லை.

"அது சொன்னது தப்பா டீச்சர்? தப்புன்னா சொல்லுங்க, நான் வீட்ல மாத்தி சொல்லிக் குடுக்குறேன்."

"தப்பு இல்லம்மா. மாத்தாத."

அதைச் சொன்ன பிறகு இனி வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லை என்று ஃபீபி டீச்சருக்குப் பட்டது. வகுப்பை விட்டுக்கொடுத்தால் அந்தப் பிள்ளை சொன்னதும் தப்பு என்றாகிவிடும். திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தாளாளர் அறைக்குப் போனார். வகுப்பை மாற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டு, மாற்றுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்ற காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், போகிற வகுப்பிலும் உருட்டுவேன் என்றார். கிளாட்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அஞ்சாங்கிளாஸுல போய் தாயக்கட்டையா? சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் ஐயா. கணக்கு பீரியட்ல சிரிச்சிப் பழகட்டும்."

ஐந்தாம் வகுப்பு முதலில் சிரிக்கத்தான் செய்தது. இரண்டு கட்டையை உருட்டி வரும் எண்களைப் பெருக்கச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஆறையும் எட்டையும் பெருக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அந்த எட்டுக்காகவே எட்டு முகமுள்ள கட்டை ஒன்றையும் அந்த வெளிநாட்டு டீச்சரம்மாவின் பக்கத்திலிருந்து இறக்கி ஒட்டியிருந்தார். தரையில் தொம்மென்று விழுந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு டோரதி டீச்சரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. இரண்டாவது தொம். பாட்டு மெலிந்தது. மூன்றாவதற்கு, பலகையின் கால்களுக்கு நடுவில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரோஷினி. அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து.

ஃபீபி டீச்சர் துரத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

டோரதி டீச்சர் தாளாளர் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். ஓய்வுபெற அவருக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி. அதுவரை யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்தவர். "இதுங்க எங்கிட்ட பாடாதுங்க ஃபீபி" என்று முனகிக்கொண்டே எழுந்து, கரும்பலகையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. பலகை ஓரமாய்ப் போய் நின்றது. இரண்டு வகுப்பும் ஒன்றாகிவிட்டது.

கிறீச் சத்தத்துக்குக் கிளாட்ஸ்டன் வெளியே வந்தார். பலகையை யார் நகர்த்தியது என்று கேட்டார். டோரதி டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஃபீபி டீச்சர் முந்திக்கொண்டார். "நீங்க என்னைய மாத்துனீங்க ஐயா. நாங்க போர்ட மாத்திட்டோம். அதுக்கு உத்தரவு ஒண்ணும் இல்லியே."

தாளாளர் நின்றார். தரையில் பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஐந்தாம் வகுப்புப் பையன், விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவன் கையைத் தட்டிவிட்டு, தொடாமலே சொல் என்று அதட்டினாள். யாரும் அவருக்காக எழுந்து நிற்கவில்லை. எழுந்திருங்கள் என்று ஃபீபி டீச்சரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பலகையைப் பழைய இடத்தில் போடச் சொல்லாமலே அவர் அறைக்குள் போனார். ஒப்புக்கொண்டாரா, சலித்துவிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலமோ மறுநாளோ அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாகவும் இல்லை. பலகை ஏப்ரல் கடைசி வரை ஓரத்திலேயே கிடந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று எல்லா டீச்சர்களையும் நிற்க வைத்து யாருக்கு எந்த வகுப்பு என்று தாளாளர் வாசித்தார். ஐந்தாம் வகுப்பு டோரதி என்றார். நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கி வந்தார். ஒன்றாம் வகுப்புக்கு யார் பெயரையும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கா ஐயா என்று ஃபீபி டீச்சர் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் யோசிக்க வேண்டிவரும். டீச்சர் கேட்கவில்லை. வாசலில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து அழுதுகொண்டிருந்த புதுப் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.